பிரெஞ்சு ஒயின் லேபிளில் இடப்பெயர்களைப் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பாரிஸில் ஓர் ஒயின் கடையில், புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு லேபிள் படிக்கச் சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு. பிரெஞ்சு தெரியாதவர்கள் மட்டும்தான் திணறுவார்கள் என்று நினைக்க வேண்டாம். பிரெஞ்சு பேசி வளர்ந்த பிள்ளைகளும் அதே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். லேபிளில் கண்ணைப் பறிக்கும் சொல் எதுவோ அதிலிருந்து தொடங்கிவிடுகிறார்கள். தவறு அங்கேயே ஆரம்பமாகிறது.

பிரெஞ்சு லேபிளில் ஒரே சொல் வட்டாரத்துக்கு வட்டாரம் பொருள் மாறும். ‘கிரான் க்ரு’ என்ற சொல் ஓரிடத்தில் ஒரு தோட்டத்தைக் குறிக்கும். இன்னோரிடத்தில் ஒரு முழு ஊரைக் குறிக்கும். எனவே வட்டாரம் எது என்று உறுதியாகும்வரை வேறு எந்தச் சொல்லுக்கும் பொருள் சொல்லக் கூடாது. கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாதீர்கள் என்று நான் கேட்டுக்கொள்வது அதற்காகத்தான்.

தொடங்கும் முன்: மூன்று தேவைகள்

முதலாவது, பாட்டிலின் இரு பக்கங்களும். முன்பக்க லேபிள் பெரும்பாலும் அழகுக்காக அமைக்கப்படுகிறது. சட்டப்படி இருக்க வேண்டிய விவரங்கள் பல நேரங்களில் பின்பக்கத்தில், சிறிய எழுத்தில் இருக்கும். முன்பக்கப் படத்தை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு படிக்க முயல்பவர்கள் பாதி வழியில் நின்றுவிடுவார்கள்.

இரண்டாவது, பிரான்ஸின் வரைபடம். போர்தோ, லுவார், பூர்கோஞ் (ஆங்கில வழியில் நாம் பர்கண்டி என்று சொல்வது), போஜொலே, ரோன், அல்சாஸ், ஷாம்பெயின், ப்ரொவான்ஸ், லாங்தோக், ஜூரா, தென்மேற்கு ஆகியவை எங்கே இருக்கின்றன என்று ஒருமுறை விரல் வைத்துப் பார்த்துவிடுங்கள். மனப்பாடம் வேண்டாம்.

மூன்றாவது, எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு. இங்கே பெயர்களைப் பிரெஞ்சு ஒலிப்பையொட்டித் தமிழில் எழுதியிருக்கிறேன். பாட்டிலில் அவை வேறு மாதிரி தெரியும். சொல்லின் இறுதியில் வரும் டி, எஸ், எக்ஸ் ஆகிய எழுத்துகள் பெரும்பாலும் ஒலிக்கா. ஹெச் ஒலிக்காது. சி, ஹெச் சேர்ந்து வந்தால் ‘ஷ’. ஜி, என் சேர்ந்து வந்தால் ‘ஞ்’ போன்ற ஒலி. இ, ஏ, யூ மூன்றும் சேர்ந்தால் ‘ஓ’. ஓ, ஐ சேர்ந்தால் ‘வா’. இந்த ஆறு விதிகளே பெரும்பாலான பெயர்களுக்குப் போதும். மோன்ராஷே என்ற பெயரில் இரண்டு டி இருக்கின்றன. நடுவில் இருப்பதும் ஒலிக்காது, கடைசியில் இருப்பதும் ஒலிக்காது.

1. தகுதி வரியை முதலில் தேடுங்கள்

எந்தச் சட்டத் தகுதியில் இந்த ஒயின் விற்கப்படுகிறது என்பதே முதல் கேள்வி. விடை மூன்றில் ஒன்றுதான்.

‘அப்பெலாசியோன் … கோன்ட்ரோலே’ அல்லது ‘அப்பெலாசியோன் தொரிஜின் ப்ரொதெஜே’ என்று இருந்தால் அது ஏஓசி, ஏஓபி எனப்படும் கட்டுப்படுத்தப்பட்ட பிறப்பிடப் பெயர். முன்னது பிரெஞ்சுச் சட்டத்தின் சொல், பின்னது ஐரோப்பிய ஒன்றியத்தின் சொல். வாங்குபவருக்கு இரண்டும் ஒன்றே. நம் ஊரில் புவிசார் குறியீடு என்கிறோமே, அந்த வகைதான். ஆனால் இங்கே விதிகள் மிகவும் இறுக்கமானவை: எந்த நிலம், எந்தத் திராட்சை வகை, ஒரு ஹெக்டேருக்கு எவ்வளவு விளைச்சல் என்பது வரை எழுதப்பட்டிருக்கும்.

‘ஏந்திகாசியோன் ஜெயோகிராஃபிக் ப்ரொதெஜே’, சுருக்கமாக ஐஜிபி, என்று இருந்தால் பரப்பு பெரியது, விதிகள் தளர்ந்தவை. பழைய பாட்டில்களில் இது ‘வேன் த பேயி’ என்று இருக்கும்.

‘வேன் த ஃப்ரான்ஸ்’ என்று மட்டும் இருந்தால், அந்த ஒயின் எந்த வட்டாரத்துப் பெயரையும் தாங்க முடியாது. பிரான்ஸில் எங்கு விளைந்த திராட்சையாகவும் இருக்கலாம். இந்த விடை கிடைத்தால் கீழே உள்ள பல படிகள் தேவையே இல்லை. நேரே எட்டாவது படிக்குப் போய்விடலாம்.

இந்தப் படியில் எல்லோரும் செய்யும் பிழை, ‘வேன் த ஃப்ரான்ஸ்’ என்றால் மட்டமானது என்று ஒதுக்கிவிடுவது. தன் வட்டார விதி அனுமதிக்காத திராட்சையைப் பயிரிட்ட நல்ல விவசாயியும் இந்தத் தகுதியில்தான் விற்றாக வேண்டும். தகுதி வரி இடத்தைப் பற்றிச் சொல்கிறது. ருசியைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஷாம்பெயின் பாட்டிலில் ‘அப்பெலாசியோன் கோன்ட்ரோலே’ என்ற வரி இருக்க வேண்டியதில்லை. ‘ஷாம்பெயின்’ என்ற ஒரு சொல்லே போதும். வரியைக் காணவில்லை என்று தேடித் தவிக்க வேண்டாம்.

2. வரிக்கு நடுவில் இருக்கும் பெயரை எடுங்கள்

‘அப்பெலாசியோன் பொயாக் கோன்ட்ரோலே’ என்று இருந்தால், இரண்டு சொற்களுக்கும் நடுவில் நிற்கும் ‘பொயாக்’ என்பதே பிறப்பிடம். இந்தப் பெயரை ஒரு தாளில் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். இனி எல்லாம் இதை வைத்துத்தான்.

இது எந்த வட்டாரத்தில் இருக்கிறது? பெயர் பழக்கமில்லை என்றால் பின்பக்க முகவரியில் உள்ள அஞ்சல் குறியீட்டைப் பாருங்கள். ஐந்து இலக்கங்களில் முதல் இரண்டு, மாவட்டத்தைச் சொல்லும். 33 என்றால் போர்தோ இருக்கும் ஜிரோந்த். 21 என்றால் பூர்கோஞின் இதயமான கோத்-தோர். 71, 89 ஆகியவையும் பூர்கோஞ் பக்கம்தான். 51 ஷாம்பெயின். 67, 68 அல்சாஸ். 84 ரோன் பள்ளத்தாக்கின் தெற்கு. 34, 11 லாங்தோக். 39 ஜூரா.

இது துப்பு மட்டுமே. முகவரி பாட்டிலில் அடைத்தவருடையது. திராட்சை விளைந்த இடம் வேறாக இருக்கலாம். ஆகவே குறியீட்டை வைத்து முடிவு செய்யாமல், வரைபடத்தில் பெயரைத் தேடுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

சில பாட்டில்களில் ஊர்ப் பெயரே இல்லாமல் ‘எஃப்-21200’ என்பது போல எண் மட்டும் இருக்கும். 21200 என்பது போன் நகரத்தின் குறியீடு. போன் என்பதே ஓர் ஏஓசி பெயர் என்பதால், அந்தத் தகுதி இல்லாத ஒயினின் லேபிளில் முகவரியாகக்கூட அந்தப் பெயரை வெளிப்படையாக எழுத முடியாது. வாங்குபவர் ஏமாறக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. இதைப் பார்க்கத் தெரிந்தவருக்கு ஒரே பார்வையில் பாதி விடை கிடைத்துவிடும்.

3. இடத்தின் பெயரையும் ஆளின் பெயரையும் பிரியுங்கள்

லேபிளில் எது பெரிதாக இருக்கும் என்பதற்கு ஒரே வழக்கம் கிடையாது. போர்தோவில் பெரும்பாலும் ‘ஷாதோ’ என்று தொடங்கும் தயாரிப்பாளர் பெயர் பெரிதாக இருக்கும். இடம் சிறிதாக இருக்கும். பூர்கோஞில் பெரும்பாலும் இடத்தின் பெயர் நடுவில் பெரிதாகவும், ‘தொமேன்’ என்று தொடங்கும் தயாரிப்பாளர் பெயர் கீழே சிறிதாகவும் இருக்கும். அதனால்தான் எழுத்தின் அளவை நம்பாமல், தகுதி வரிக்கு நடுவில் உள்ள பெயரை முதலில் எடுத்துவைக்கச் சொன்னேன். மிச்சம் இருப்பதில் ‘ஷாதோ’, ‘தொமேன்’, ‘மாஸ்’, ‘மெஸோன்’ என்று தொடங்குவது தயாரிப்பாளர் பெயராக இருக்கும்.

இங்கே ஒரு பொறி. ஜூராவில் ஷாதோ-ஷலோன் என்று ஓர் ஏஓசி உண்டு. அது மாளிகையோ தயாரிப்பாளரோ அல்ல, ஊரின் பெயர். 62 சென்டிலிட்டர் கொள்ளும் குட்டையான பாட்டிலில் வரும் மஞ்சள் ஒயினின் ஊர். ஷாதோநெஃப்-து-பாப்பும் அப்படித்தான், ரோன் பகுதியில் ஓர் ஊர். தகுதி வரியை முதலில் படித்தவர் இந்தப் பொறியில் விழ மாட்டார்.

4. அந்த இடம் எவ்வளவு பெரியது?

பெயர் ஒரு வட்டாரமா, அதற்குள் ஒரு பகுதியா, ஊரா, தோட்டமா என்று பாருங்கள். பொதுவாக இடம் சுருங்கச் சுருங்க விதிகள் இறுகும், விலை ஏறும். ‘போர்தோ’ என்றால் முழு வட்டாரம். ‘ஓ-மெதோக்’ என்றால் அதற்குள் ஒரு பகுதி. ‘பொயாக்’ என்றால் அந்தப் பகுதிக்குள் ஓர் ஊர். கடித உறையில் முகவரி படிப்பது போல வெளியிலிருந்து உள்ளே போங்கள்.

பெயரோடு ஒட்டிவரும் சிறு சொற்கள் இந்தப் படியில்தான் உதவும். இந்தப் படியில்தான் குழப்பவும் செய்யும்.

‘விலாஜ்’ என்று பின்னால் சேர்ந்தால், பெரிய வட்டாரத்துக்குள் தேர்ந்தெடுத்த சில ஊர்கள் என்று பொருள். போஜொலேயைவிட போஜொலே-விலாஜ் ஒரு படி மேல். கோத் து ரோனைவிட கோத் து ரோன் விலாஜ் ஒரு படி மேல். அதற்கும் மேலே உள்ளவை இந்தப் பெயர்களையே விட்டுவிட்டு ஊரின் பெயரில் மட்டும் விற்கப்படுகின்றன. ஜிகோந்தாஸ் பாட்டிலில் தகுதி வரியில் கோத் து ரோன் என்று இருக்காது. ஃப்ளரி, மொர்கோன், மூலேன்-ஆ-வேன் போன்ற போஜொலேயின் 10 இடப்பெயர்களும் இதே வகை. வட்டாரத்தின் பெயர் காணாமல் போவது இங்கே மேல்படிக்கான அடையாளம். புதியவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, கோத் து ரோன் என்று இல்லையே, இது ரோன் ஒயின்தானா என்று சந்தேகப்படுவார்கள்.

‘ஓ’ என்று ஒலிக்கும் முன்னொட்டுக்கு ‘உயர்ந்த’ என்று பொருள்தான். ஆனால் எதில் உயர்ந்தது? ஓ-மெதோக் என்பதில் அது ஆற்றின் மேல்பகுதியை, அதாவது கடலிலிருந்து தள்ளி இருக்கும் பகுதியைக் குறிக்கிறது. தரத்தையோ மலையையோ குறிக்கவில்லை. பூர்கோஞின் ‘ஓத்-கோத்’ என்ற சொல்லிலோ உண்மையாகவே மேட்டு நிலம். அங்கே குளிர் அதிகம், திராட்சை மெதுவாகப் பழுக்கும். விலையும் கீழே உள்ள ஊர்களைவிடக் குறைவாகவே இருக்கும். ஒரே சொல், இரண்டு பொருள்.

‘சுப்பேரியர்’ என்ற சொல்லும் அப்படியே. போர்தோ சுப்பேரியர் பொதுவாகச் சற்று இறுக்கமான விதிகளில் செய்த சிவப்பு ஒயின். அதே போர்தோவில் கிராவ் சுப்பேரியர் என்று இருந்தால் அது இனிப்பான வெள்ளை ஒயின். மாட்டிறைச்சிக்கு என்று இதை வாங்கிப் போனவர் திரும்பி வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

‘லே’ என்று நடுவில் வந்து, அதன் மேல் சாய்ந்த கோடு இருந்தால் ‘அருகில்’ என்று பொருள். சாவின்யி-லே-போன் என்றால் போனுக்கு அருகில் உள்ள சாவின்யி. அது போன் ஒயின் அல்ல.

5. இணைப்புக்கோட்டைக் கவனியுங்கள்

இதற்கு ஒரு தனிப் படி தேவை. பூர்கோஞில் பணம் இழப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் இழக்கிறார்கள்.

பூர்கோஞின் பல ஊர்கள், தங்கள் எல்லைக்குள் இருக்கும் புகழ்பெற்ற தோட்டத்தின் பெயரைத் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொண்டன. ஜெவ்ரே என்ற ஊர் 1847-இல் ஷாம்பெர்தேன் தோட்டத்தின் பெயரைச் சேர்த்து ஜெவ்ரே-ஷாம்பெர்தேன் ஆனது. புலின்யி என்ற ஊரும் ஷசாஞ் என்ற ஊரும் தங்கள் இருவருக்கும் பொதுவான மோன்ராஷே தோட்டத்தின் பெயரைச் சேர்த்துக்கொண்டன. ஆக, ‘ஷாம்பெர்தேன்’ என்றால் ஒரு குறிப்பிட்ட தோட்டம், மிக உயர்ந்த படி. ‘ஜெவ்ரே-ஷாம்பெர்தேன்’ என்றால் அந்த ஊரில் எங்கோ விளைந்த திராட்சை. விலையில் பல மடங்கு வேறுபாடு.

இணைப்புக்கோடு இருந்தால் ஊர், இல்லையென்றால் தோட்டம் என்று விதி செய்துகொள்ளாதீர்கள். ஷார்ம்-ஷாம்பெர்தேன், மாஸி-ஷாம்பெர்தேன் என்பவற்றிலும் கோடு இருக்கிறது. அவை கிரான் க்ரு, அதாவது மிக உயர்ந்த படியில் உள்ள தோட்டங்கள். பாத்தார்-மோன்ராஷேயும் அப்படியே. சரியான விதி இது: ஊரின் பழைய பெயர் லேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஜெவ்ரே’ என்ற சொல் தகுதி வரியில் இருந்தால் அது கிரான் க்ரு அல்ல. ‘புலின்யி’ அல்லது ‘ஷசாஞ்’ இருந்தாலும் அல்ல. ஜெவ்ரேயில் இருக்கும் 9 கிரான் க்ருகளுக்கும் இது பொருந்தும்.

இதே குடும்பத்துக் குழப்பம் ரோனிலும் உண்டு. எர்மிதாஜ் என்பது ஒரு சிறு குன்று. அதைச் சுற்றியிருக்கும் மிகப் பெரிய நிலப்பரப்பு க்ரோஸ்-எர்மிதாஜ்.

6. இப்போதுதான் ‘க்ரு’வுக்கு வர வேண்டும்

‘க்ரு’ என்றால் விளைச்சல் நிலம் என்று பொதுவாகப் பொருள் கொள்ளலாம். ஆனால் லேபிளில் அதன் சட்டப் பொருளை வட்டாரமே தீர்மானிக்கிறது. வட்டாரம் தெரியாமல் இந்தப் படிக்கு வந்தவர்கள் திரும்பிப் போய் இரண்டாவது படியை முடித்துவிட்டு வாருங்கள்.

பூர்கோஞில் தகுதி நிலத்துக்கு உரியது. நான்கு படிகள்: வட்டாரம், ஊர், ப்ரெமியே க்ரு, கிரான் க்ரு. ப்ரெமியே க்ரு என்றால் ‘முதல் நிலம்’ என்று பொருள் வருவதால் அதுவே உச்சி என்று நினைக்கிறார்கள். அது மேலிருந்து இரண்டாவது படி. உச்சி கிரான் க்ரு. ப்ரெமியே க்ருவில் ஊர்ப் பெயரும் சேர்ந்து வரும்: ‘ஜெவ்ரே-ஷாம்பெர்தேன் ப்ரெமியே க்ரு க்ளோ சேன்-ஜாக்’ என்பது போல. ‘ப்ரெமியே’ என்பதை முழுதாக எழுதாமல் எண் 1-உடன் இ, ஆர் என்ற இரு சிறிய எழுத்துகளைச் சேர்த்து எழுதுவதும் வழக்கம். கிரான் க்ருவில் தோட்டத்தின் பெயர் மட்டும் தனித்து நிற்கும். மொத்தம் 33 கிரான் க்ருகள். ஷப்லி மட்டும் இந்த வழக்கத்துக்கு விலக்கு: அங்கே கிரான் க்ருவிலும் ஷப்லி என்ற பெயர் இருக்கும், அதனுடன் 7 நிலப்பகுதிகளில் ஒன்றின் பெயர் வரும்.

நிலம் உயர்ந்தது என்பதால் எல்லாப் பாட்டிலும் ஒன்றுபோல் இருக்காது. க்ளோ த வூஜோ என்ற ஒரே கிரான் க்ரு சுமார் 50 ஹெக்டேர். அதைப் பல பத்து உரிமையாளர்கள் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பூர்கோஞில் இடத்தைப் படித்த பிறகு ஆளின் பெயரையும் படித்தே ஆக வேண்டும். ‘மோனோபோல்’ என்று இருந்தால் அந்தத் தோட்டம் முழுவதும் ஒரே உரிமையாளருடையது.

போர்தோவின் மெதோக் பகுதியில் தகுதி ஷாதோவுக்கு உரியது. 1855-இல் அமைந்த பட்டியல் இன்றும் நடப்பில் இருக்கிறது. சிவப்பு ஒயினுக்கு ஐந்து வகுப்புகள். முதல் வகுப்பில் ஐந்து பெயர்கள்: லஃபீத் ரோத்ஷீல்ட், லத்தூர், மார்கோ, ஓ-ப்ரியோன் (இது மட்டும் மெதோக்குக்கு வெளியே, கிராவ் பகுதியில் இருக்கிறது), 1973-இல் உயர்த்தப்பட்ட மூத்தோன் ரோத்ஷீல்ட். இரண்டாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ளவர்கள் பெரும்பாலும் வகுப்பைச் சொல்லாமல் ‘கிரான் க்ரு க்ளாசே ஆன் 1855’ என்று மட்டும் போடுவார்கள். இரண்டா ஐந்தா என்பது லேபிளில் தெரியாது. பட்டியலில்தான் பார்க்க வேண்டும். தகுதி நிலத்தோடு கட்டப்படவில்லை என்பதால், அந்த ஷாதோ அதே ஏஓசிக்குள் பக்கத்து நிலத்தை வாங்கிச் சேர்த்தாலும் வகுப்பு மாறாது.

சேன்தெமிலியோன் என்ற ஊர் போர்தோவின் மறு கரையில் இருக்கிறது. என்னிடம் கற்றவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது இங்கே தவறியிருக்கிறார்கள். அங்கே ‘சேன்தெமிலியோன் கிரான் க்ரு’ என்பது ஏஓசியின் பெயர். நூற்றுக்கணக்கான தயாரிப்பாளர்கள் அந்தப் பெயரில் விற்கிறார்கள். விளைச்சல் அளவிலும் பக்குவப்படுத்தும் காலத்திலும் சற்று இறுக்கமான விதிகள் உண்டு, அவ்வளவே. உயர்ந்த பட்டியலில் இருக்கிறதா என்று அறிய ‘க்ளாசே’ என்ற சொல்லைத் தேட வேண்டும். அந்தப் பட்டியல் ஏறத்தாழ பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்படும். 2022-ஆம் ஆண்டுப் பட்டியலில் 85 ஷாதோக்கள் இருக்கின்றன. ஷெவால் ப்ளான், ஓஸோன் போன்ற பெரிய பெயர்கள் அதற்கு முன்பே தாங்களாக விலகிவிட்டன. ஆகவே அங்கே ‘க்ளாசே’ இல்லை என்பதே தாழ்வு என்றும் ஆகாது. பக்கத்து ஊரான பொமெரோலுக்குப் பட்டியலே கிடையாது.

ஷாம்பெயினில் தகுதி ஊருக்கு உரியது. 17 ஊர்கள் கிரான் க்ரு, 42 ஊர்கள் ப்ரெமியே க்ரு. லேபிளில் கிரான் க்ரு என்று இருந்தால் திராட்சை முழுவதும் அந்த 17 ஊர்களிலிருந்து வந்தது என்று பொருள். எந்தத் தோட்டம் என்று அது சொல்வதில்லை.

அல்சாஸில் 51 தோட்டங்களுக்குக் கிரான் க்ரு தகுதி உண்டு. ‘அல்சாஸ் கிரான் க்ரு’ என்பதோடு தோட்டத்தின் பெயரும் வரும்.

7. இடத்திலிருந்து திராட்சைக்கு

திராட்சை வகை லேபிளில் இல்லை என்று புதியவர்கள் குறைப்பட்டுக்கொள்வார்கள். இடத்தின் பெயருக்குள்ளேயே அது அடங்கியிருக்கிறது. ஏஓசி விதி எந்தத் திராட்சை என்று சொல்லிவிடுவதால், பெயரைச் சொன்னாலே திராட்சையும் தெரிந்துவிடும்.

பூர்கோஞ் சிவப்பு பினோ நுவார், வெள்ளை ஷார்தொனே. போஜொலே சிவப்பு கமே. போர்தோவில் கலவை: மெதோக் பக்கம் கபெர்னே சொவிஞோன் முன்னிற்கும், சேன்தெமிலியோன், பொமெரோல் பக்கம் மெர்லோ முன்னிற்கும். ரோனின் வடக்கில் சிவப்புக்கு சிரா, தெற்கில் கிரெனாஷ் தலைமையில் கலவை. வூவ்ரே என்றால் ஷெனேன். ஷினோன் என்றால் கபெர்னே ஃப்ரான். காஓர் என்றால் மால்பெக். அல்சாஸ் மட்டும் திராட்சையின் பெயரை முன்பக்கத்திலேயே எழுதும் வழக்கம் கொண்டது. ஐஜிபி பாட்டில்களிலும் திராட்சையின் பெயர் பெரிதாக இருக்கும். ஒரே வகையின் பெயர் மட்டும் இருந்தால் குறைந்தது 85 விழுக்காடு அந்த வகையாக இருக்க வேண்டும்.

ஒத்த ஒலியுள்ள பெயர்களை மட்டும் தனியாகப் பழகிக்கொள்ளுங்கள். புயி-ஃபுமே லுவார் ஆற்றங்கரையில் சொவிஞோன் ப்ளானில் செய்வது. புயி-ஃபுயிசே பூர்கோஞின் தெற்கில் ஷார்தொனேயில் செய்வது. புயி-சுர்-லுவார் மூன்றாவது, அது ஷாஸ்லாவில் செய்வது. முதல் ஆண்டில் நானே ஒரு திருமண விருந்துக்கு ஃபுயிசேக்குப் பதிலாக ஃபுமேயை இரண்டு பெட்டி கட்டி அனுப்பிவிட்டேன். அன்று முதல் கட்டுவதற்கு முன் தகுதி வரியைச் சத்தமாகப் படிக்கிறேன். முஸ்கதே, முஸ்கா என்பவையும் அப்படியே. முன்னது லுவாரின் கடலோரத்தில் விளையும் உலர்ந்த வெள்ளை. பின்னது மணம் மிகுந்த ஒரு திராட்சை வகை.

8. யார் பாட்டிலில் அடைத்தார்?

‘மீ ஸான் பூத்தேய்’ என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். பின்னால் ‘ஓ ஷாதோ’, ‘ஓ தொமேன்’, ‘ஆ லா ப்ரொப்ரியெத்தே’ என்று வந்தால், விளைவித்த இடத்திலேயே அடைத்தது. கடைசிச் சொற்றொடரைக் கூட்டுறவுச் சங்கங்களும் பயன்படுத்தலாம். ‘தான் நோ ஷே’ என்றால் ‘எங்கள் கிடங்கில்’ என்று மட்டும்தான் பொருள். நிலம் யாருடையது என்பதற்கு அதில் விடை இல்லை. ‘நெகோசியான்’ என்று இருந்தால் திராட்சையையோ ஒயினையோ வாங்கி விற்கும் வணிகர். வணிகர் என்பது குறை அல்ல. பூர்கோஞில் மிகச் சிறந்த சில பாட்டில்கள் அவர்களிடமிருந்து வருகின்றன.

ஷாம்பெயினில் இதை இரண்டு எழுத்துகளில் அடக்கிவிடுகிறார்கள், ஒரு எண்ணுக்கு முன்னால், மிகச் சிறியதாக. ஆர்எம் என்றால் தன் திராட்சையில் தானே செய்பவர். என்எம் என்றால் திராட்சை வாங்கிச் செய்யும் நிறுவனம். சிஎம் கூட்டுறவு. எம்ஏ என்றால் வேறொருவர் செய்ததற்குக் கடையோ விடுதியோ தன் பெயரை ஒட்டிக்கொண்டது.

9. இனிப்பைச் சொல்லும் சொற்கள்

சாதாரண ஒயினில் ‘செக்’ என்றால் இனிப்பற்றது. ஷாம்பெயினில் ‘செக்’ என்றால் லிட்டருக்கு 17 முதல் 32 கிராம் சர்க்கரை, நாக்கில் நன்றாகவே இனிக்கும். அங்கே இனிப்பு வேண்டாதவர் தேட வேண்டியது 12 கிராமுக்குக் குறைவான ‘ப்ருத்’ அல்லது 6 கிராமுக்கு மேற்படாத ‘எக்ஸ்ட்ரா ப்ருத்’. ‘தெமி-செக்’ 32 முதல் 50 வரை. வட்டாரத்தை முதலில் பாருங்கள் என்று நான் விடாமல் சொல்வதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

சில இடப்பெயர்களே இனிப்பைச் சொல்லிவிடும். சோதெர்ன் எப்போதும் இனிப்பு. ஜுரான்சோன் இனிப்பு, ‘ஜுரான்சோன் செக்’ இனிப்பற்றது. ‘வேன் து நாச்சுரெல்’ என்பதில் ‘இயற்கை’ என்ற சொல் இருப்பதால் எதுவும் சேர்க்காத ஒயின் என்று எண்ணிவிடுகிறார்கள். நொதிப்பை நிறுத்துவதற்காகச் சாராயம் சேர்த்துச் செய்யும் இனிப்பு ஒயின் அது. போதை 15 விழுக்காடும் அதற்கு மேலும் இருக்கும்.

10. கண்டும் காணாமல் விட வேண்டிய சொற்கள்

‘கிரான் வேன் த போர்தோ’ தங்க எழுத்தில் இருக்கும். அது எந்தப் பட்டியலையும் சேர்ந்ததல்ல. ‘வியேய் வீஞ்’ என்றால் பழைய கொடிகள். எத்தனை ஆண்டு என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. ‘ரெசெர்வ்’, ‘ப்ரெஸ்தீஜ்’, ‘த்ரதிசியோன்’ ஆகியவற்றை இடத்தைத் தெரிந்துகொள்ளப் பயன்படுத்த முடியாது. நம்பும் தயாரிப்பாளராக இருந்தால் இவற்றுக்குப் பொருள் உண்டு. தெரியாதவராக இருந்தால் தாண்டிப் போங்கள்.

11. மூன்று லேபிள்களில் செய்து பாருங்கள்

முதல் லேபிளில் பெரிதாக ஒரு ஷாதோவின் பெயர், மேலே தங்கத்தில் ‘கிரான் வேன் த போர்தோ’, கீழே ‘அப்பெலாசியோன் சேன்தெமிலியோன் கிரான் க்ரு கோன்ட்ரோலே’. தகுதி ஏஓசி. இடம் சேன்தெமிலியோன். ‘கிரான் க்ரு’ தகுதி வரிக்கு நடுவில் இருக்கிறது, எனவே அது ஏஓசி பெயரின் பகுதி. ‘க்ளாசே’ எங்கும் இல்லை. மெர்லோ முன்னிற்கும் சிவப்பு, பட்டியலில் இல்லாத ஷாதோ. தங்க எழுத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

இரண்டாவதில் ‘ஷார்தொனே’ என்று பெரிதாக, கீழே ‘பேயி தோக்’, ‘ஐஜிபி’, பின்பக்கம் எஃப்-21200. அடைத்தவர் பூர்கோஞில் இருக்கிறார். ஆனால் ‘பேயி தோக்’ என்று இருப்பதால் திராட்சை லாங்தோக் பக்கத்தது. வெள்ளை பூர்கோஞ் என்று யாராவது விற்க வந்தால் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டுங்கள்.

மூன்றாவது பயிற்சியை என்னிடம் பயிலும் எல்லோருக்கும் கடைசியாகக் கொடுப்பேன். ‘ஷார்ம்’ என்ற சொல் பெரிதாகத் தெரியும்படி மூன்று பாட்டில்களை வரிசையாக வைப்பேன். ஒன்றில் ‘ஷார்ம்-ஷாம்பெர்தேன்’. ஒன்றில் ‘ஷாம்போல்-முசின்யி ப்ரெமியே க்ரு லே ஷார்ம்’. ஒன்றில் ‘மெர்சோ-ஷார்ம் ப்ரெமியே க்ரு’. முதலாவதில் ஊரின் பழைய பெயரான ஜெவ்ரே இல்லை: கிரான் க்ரு, சிவப்பு. இரண்டாவதில் ஷாம்போல் என்ற ஊர் இருக்கிறது: ப்ரெமியே க்ரு, சிவப்பு. மூன்றாவதில் மெர்சோ என்ற ஊர் இருக்கிறது: ப்ரெமியே க்ரு, வெள்ளை. மூன்றையும் தகுதி வரியிலிருந்து தொடங்கிப் பிரித்துச் சொன்னவரை மறுநாள் காலையில் கடையின் முன்பக்கம் நிற்க அனுப்புவேன்.